பச்சைச் சட்டையின் முதுகில்

நான் சட்டை முதுகில் பெயர் ஒட்டுகிறவள். பன்னிரண்டு வருடமாக அதே கடை, அதே சூட்டு மெஷின், விளையாட்டுச் சட்டைகள் மட்டும். பெயரை இன்னொரு மெஷின் பிளாஸ்டிக் தாளில் வெட்டித் தரும். வேண்டாத துண்டுகளை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, எழுத்தைச் சட்டையின் மேல் நேராக வைத்து, சூடான தட்டை இறக்கிப் பதினைந்து எண்ண வேண்டும். முன்னால் தூக்கினால் ஓரம் உரியும், தாமதித்தால் துணி பளபளத்துப் போகும். எனக்கு வீட்டில்தான் மூக்கு மேல் கோபம். மெஷின் முன்னால் என்னைப் போல் பொறுமைசாலி கிடையாது என்று எங்கள் முதலாளியே சொல்லியிருக்கிறார், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பிள்ளைகள் யாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்பது, பெற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஏன் என்பதும் தெரியும், நான்தான் வாய் சும்மா இருக்காமல் கேட்பேனே. "அவங்க முடி நீலமா இருக்கு, அதான்" என்றாள் ஒருத்தி. "அவர் வீட்ல நாலு நாய் இருக்கு ஆன்ட்டி" என்றான் ஒரு பொடியன். பற்பசை விளம்பரத்தில் வருகிறவரின் பெயர் வேண்டும் என்று ஒருத்தி வந்தாள். அவர் என்ன விளையாடுவார் என்று கேட்டேன். "சிரிப்பாரு" என்றாள். உழைப்பு, ஒழுக்கம், விடாமுயற்சி என்று பெரியவர்கள் மேடையில் தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அதில் ஒரு வார்த்தையைக்கூட எந்தப் பிள்ளையும் காதில் போட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

வருகிற பிள்ளையை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்ட நான், பெற்ற பெண்ணை மட்டும் கேட்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். பிறந்தபோதே பொடிசு, கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அவள் அப்பா வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பதினோரு வயது. பக்கத்து மைதானத்தில் பெண் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பர். தன் பள்ளிச் சீருடையைத் துவைக்கச் சொன்னால் ஓடி ஒளிவாள், கையுறையை மட்டும் தினமும் சோப்புப் போட்டுத் துவைத்துத் தலைமாட்டில் காயப்போட்டுக்கொண்டு தூங்குவாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை விளையாட்டு விடுதியில் சேர வேண்டும் என்பது. சேர்ந்துவிட்டால் படிப்பு, தங்கல், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருடத்துக்கு ஒரே ஒரு நாள், பக்கத்து ஊர்க் குழுவோடு நடக்கும் ஆண்டுப் போட்டியன்று, விடுதியிலிருந்து ஒருவர் வந்து ஆட்டத்தைப் பார்த்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார். அன்றைக்குக் கோலில் நின்றால்தான் அவர் கண்ணில் படலாம்.

அந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் முதுகில் சொந்தப் பெயர் இருக்காது. யாரைப் போல ஆக ஆசையோ அவர்களுடைய பட்டப்பெயரைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். விளையாட்டுக்காரர், சினிமாக்காரர், பாட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. பிள்ளைகள் சீட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுப்பார்கள். அவர் பட்டியல் போட்டு எங்கள் கடைக்கு அனுப்புவார்.

இந்த வருடம் மிளகு எழுதப்போவதாகச் சொன்ன பெயர் 'சுவர்'.

சுவர் எங்கள் நாட்டு அணியின் கோல்கீப்பர். நாலு வருடம் அவளைத் தாண்டி ஈ எறும்பு போகாது என்று எல்லோரும் பேசினார்கள். பிறகு அந்த இறுதிப் போட்டி வந்தது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பந்து, குழந்தை உருட்டிவிட்ட மாதிரி மெல்ல வந்து, அவளுடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து உள்ளே போனது. கோப்பை போச்சு. நானும் என் வீட்டுக்காரரும் டிவி முன்னால் உட்கார்ந்து அவளுடைய ஏழு தலைமுறையைத் திட்டித் தீர்த்தோம். அவர் கோபத்தில் டிவியையே அணைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அவளுக்கு 'ஓட்டைச் சுவர்' என்று பெயர். ஃபோனைத் திறந்தால் அவள் காலுக்கு நடுவில் பஸ் போகிறது, ரயில் போகிறது, யானைக் கூட்டமே போகிறது. விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த யானை வீடியோவை நான் இருபது பேருக்கு அனுப்பினேன்.

"அவளா? ஊரே சிரிக்குதேடி!" என்றேன் மிளகிடம்.

"சிரிக்கட்டும்."

"விடுதிக்காரர் வரப்போறாரு. கோல்கீப்பர் முதுகுல அந்தப் பேரப் பாத்தா தலையில அடிச்சுக்குவாரு. புயல்னு போட்டுக்கோ. எல்லாப் பிள்ளைங்களும் அதத்தான் போடறாங்க."

புயல் அதே அணியில் கோல் அடிக்கிறவள். நீலத் தலைமுடி அவளுடையதுதான்.

"அம்மா சொல்றது சரிதானேடா செல்லம்" என்றார் அவள் அப்பா, வேன் சாவியைத் தேடிக்கொண்டே. அவர் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர். எந்த வாக்குவாதத்திலும் முழுசாக ஒரு நிமிடம் நின்றது கிடையாது.

"நான் சுவர்னுதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டியல் கடைக்கு வந்தது. மொத்தம் இருபத்திரண்டு சட்டை. இருபது சிவப்பு, கோல்கீப்பர்களுக்கு இரண்டு பச்சை. எங்கள் பட்டியலில் பிள்ளைகளின் பெயர் இருக்காது. நிறம், அளவு, ஒட்ட வேண்டிய பெயர், அவ்வளவுதான். ஆனால் பச்சையில் சின்ன அளவு யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா? விரல் வைத்துத் தேடினேன். 'பச்சை, சின்னது, புயல்' என்று இருந்தது.

அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் போய்க் கேட்டால் வீம்புக்கு மறுபடி மாற்றிவிடுவாள் என்று வாயே திறக்கவில்லை. மற்ற இருபத்தோரு சட்டைக்கும் எடுத்த நேரத்தில் பாதியை அந்த ஒரு சட்டைக்கு எடுத்துக்கொண்டு, நூல் பிசகாமல் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தாள். மறுநாள் போட்டி. சாப்பாட்டு மேசை மேல் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சட்டையை முதுகுப்பக்கம் தெரிய விரித்தாள்.

"இது யாரு ஒட்டுனது?"

"வேற யாரு, நான்தான். எவ்ளோ நேரா இருக்கு பாரு" என்றேன், பெருமை வேறு எனக்கு.

"நான் சுவர்னு எழுதிக் குடுத்தேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பட்டியல்ல புயல்னுதானே இருந்துச்சு?"

"சார் மாத்தியிருக்காரு. கேட்டேன். உன் நல்லதுக்குத்தான்னாரு. உங்கம்மாவே மறுபேச்சு பேசாம ஒட்டிக் குடுத்துட்டாங்க, நீ என்ன குதிக்கறேன்னாரு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நான் என்ன எழுதப்போறேன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன்மா என்னக் கேக்கல?"

"மனசு மாறிட்டியோன்னு நெனச்சேன்."

"நெனச்சியா, ஆசப்பட்டியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

"சரி, சொல்லு. அவளை ஏன் உனக்குப் பிடிச்சுது?"

"பந்து உள்ள போனதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்தியா?"

"அப்புறம் என்ன, தோத்தாங்க."

"நீங்க திட்டிக்கிட்டு இருந்தீங்க, அப்பா டிவிய அணைச்சுட்டாரு. நான் பக்கத்து வீட்ல போய்ப் பாத்தேன். இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருந்துச்சும்மா. நம்ம ஆளுங்க எல்லாம் தரையில உக்காந்துட்டாங்க. புயல் சட்டைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. சுவர் மட்டும் வலைக்குள்ள போய்ப் பந்த எடுத்துக்கிட்டு நடுக்கோடு வரைக்கும் ஓடுனாங்க. அங்க வச்சுட்டு, எழுந்திரு எழுந்திருன்னு ஒவ்வொருத்தரையா கையப் பிடிச்சுத் தூக்கி விட்டாங்க. எல்லாரும் அவங்களத் திட்டிக்கிட்டே எழுந்திரிச்சாங்க. அப்பவும் தூக்கி விட்டாங்க."

நான் இருபது பேருக்கு அனுப்பிய யானை வீடியோ ஞாபகம் வந்தது.

"அதுக்கு முன்னாடி எனக்கு அவங்கள அவ்ளோ ஒண்ணும் பிடிக்காது. பந்த எப்படிப் பிடிக்கணும்னு சார் சொல்லித் தராரு. விட்டுட்டா என்ன பண்ணணும்னு யாரு சொல்லித் தரா? நான் எத்தன கோல் விடறேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எத்தனை பிடித்தாய் என்றுதான் தினமும் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தும், தோற்றுப்போனால் எப்படி எழுந்து நிற்பது என்பதைப் பார்க்க அவள் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது, பயிற்சியாளர் மேல் பாதி, என் மேல் பாதி.

"குடு அந்தச் சட்டைய" என்றேன்.

கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போய்த் திறந்தேன். ஒட்டியதை உரிப்பது ஒட்டுவதை விடப் பெரிய பாடு. மறுபடி சூடேற்றி, இடுக்கியால் ஓரத்தைக் கிளப்பி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மிஞ்சும் பசையை மருந்து போட்டுத் தேய்க்க வேண்டும். என்ன தேய்த்தாலும் தடம் போகாது. 'புயல்' மங்கலாகத் துணியில் நிற்கத்தான் செய்தது. அதன் மேலேயே 'சுவர்' எழுத்துகளை வைத்துத் தட்டை இறக்கினேன். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார்.

"இன்னைக்கு லீவு கேட்டியேம்மா?"

"ஒரு சட்டை தப்பாப் போச்சு முதலாளி. திருத்தறேன்."

பட்டியலை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இதுல சரியாத்தானே இருக்கு?"

"பட்டியலே தப்பு."

"ஆர்டர் குடுத்தவர் எழுதினதுதான் சரி. நீ உன் இஷ்டத்துக்கு மாத்தினா அந்தக் குழு அடுத்த வருஷம் வேற கடைக்குப் போயிடும்."

"யாரு மாத்தினதுன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதுன்னே சொல்லுங்க."

"அந்த ஓட்டைச் சுவரா? அவ விட்ட கோலுக்கு நான் ரெண்டு வேள சாப்பிடல, தெரியுமா?"

"நீங்க சாப்பிடாததுக்கு என் பொண்ணு என்ன பண்ணுவா?"

அவர் மெஷினைப் பார்த்தார். "சண்டைய அப்புறம் போடு. தட்டைத் தூக்கும்மா, துணி கருகப் போகுது!"

அலறியடித்துத் தூக்கினேன். கருகவில்லை, கொஞ்சம் பளபளத்திருந்தது. அவர் பட்டியலை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மைதானத்தில் விருந்தினர்களுக்குத் துணிப் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் விடுதிக்காரர், மடியில் காகித அட்டை. மிளகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததுதான் தாமதம், பயிற்சியாளர் வேகமாக வந்துவிட்டார். கெட்டவர் இல்லை. மழையிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு ஓடுகிற மனிதர். ஆனால் தான் நினைத்ததுதான் நல்லது என்கிற வியாதி அவருக்கு உண்டு, எனக்கு இருந்த அதே வியாதி.

"என்னம்மா இது? இவ்ளோ பேரு வந்திருக்காங்க. கோல்கீப்பர் முதுகுல இந்தப் பேரா? சிரிக்க மாட்டாங்க?"

"பாட்டுக்காரர் பேரு பரவால்ல, பற்பசைக்காரர் பேரு பரவால்ல, பந்து பிடிக்கறவ பேரு மட்டும் ஆகாதா சார்?"

"பிடிக்கறவளா? விட்டவ! தோத்தவ மாதிரி ஆகணும்னு ஒரு பிள்ள ஆசப்படலாமா? நாமதானே எடுத்துச் சொல்லணும்?" பையிலிருந்து வேறொரு பச்சைச் சட்டையை எடுத்தார், முதுகில் ஒன்றும் இல்லாதது. "இதப் போட்டுக்கிட்டா நிப்பா. இல்லன்னா நெட்டைதான் நிப்பா. வருஷத்துக்கு ஒரு நாள், மறந்துடாதீங்க. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க."

நெட்டை என்பது இன்னொரு கோல்கீப்பர். மிளகை விட ஒரு தலை உயரம்.

பொய் சொல்ல மாட்டேன். 'ஒரு நாள்தானே, போட்டுக்கோயேன்' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. கையுறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண், இன்றைக்கு வெளியே உட்கார்ந்தால் ஒரு வருடம் போச்சு. மிளகு அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன் சார்" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கறே? போ. போய்க் கோல்ல நில்லு."

ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம். பயிற்சியாளர் "ஏய், ஏய்!" என்பதற்குள் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போய் நின்று, கையுறையைத் தட்டிக்கொண்டாள். அவர் நெட்டையை அனுப்பினார். நெட்டை நிதானமாக நடந்து போய், இவளிடம் ஏதோ பேசிவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்தாள்.

"அவ வரமாட்டேங்கறா சார்."

"அப்ப நீ போய் நில்லு!"

"ஒரு கோல்ல எப்படி சார் ரெண்டு பேரு நிக்கறது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்தப் பெண்ணை நான் கட்டிப்பிடித்துக் கொஞ்சாத குறை.

நடுவர் ஒரு நடுவயதுப் பெண்மணி, கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "என்ன தகராறு?"

"அந்தச் சட்டையில இருக்கற பேரு..." என்று ஆரம்பித்தார் பயிற்சியாளர்.

"சட்டை பச்சையா இருக்கு. கையுறை இருக்கு. எண்ணினா பதினோரு பேரு இருக்காங்க. முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கறது என் வேலை இல்ல. ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?"

ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் நின்றார்.

சிரிக்கத்தான் செய்தார்கள். பின்வரிசையில் நாலைந்து பேர் "ஓட்டைச் சுவர்! ஓட்டைச் சுவர்!" என்று கூவினார்கள். "யாரு அது? வாய் இருக்கறவங்க கீழ இறங்கி வந்து ஒரு பந்தப் பிடிச்சுக் காட்டுங்க!" என்று நான் எழுந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது பாதியில் அவரே எழுந்து கத்தினார், அவர் குரலுக்குப் பிறகு சத்தம் அடங்கியது. மிளகு ஏழு பந்தைப் பிடித்தாள். ஒன்று மூக்கில் பட்டு ரத்தம் வந்தது, கையுறையால் துடைத்துக்கொண்டாள். இரண்டு கோல் விட்டாள். விட்ட பிறகு என்ன செய்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழு ஒன்றுதான் அடித்தது. தோற்றோம்.

விடுதிக்காரர் எழுந்து இரண்டு பெயரைப் படித்தார். இரண்டிலும் மிளகு இல்லை. பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நான் சொன்னேனே' என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பிள்ளையின் ஒரு வருடத்தை நானே கையால் பிடித்துக் கொடுத்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் ஆடிப்போனேன்.

மிளகு நேராகப் பந்தலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"சார், என்ன ஏன் எடுக்கல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "நல்லாத்தான் ஆடினேம்மா. ஆனா விடுதியில கோல்கீப்பருக்கு இவ்ளோ உயரம் வேணும்னு ஒரு கணக்கு இருக்கு." பந்தல் கம்பத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டினார். மிளகு போய்க் கம்பத்தோடு ஒட்டி நின்றாள். அவர் விரலுக்கும் அவள் உச்சந்தலைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு இருக்கா சார்?"

"இருக்கு."

"அப்ப வளர்ந்துட்டு வரேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் திரும்பியபோது முதுகில் இருந்த பெயர் அவர் கண்ணில் பட்டது. அதன் அடியில் மங்கலாகத் தெரிந்த பழைய பெயரையும் பார்த்திருக்க வேண்டும், கொஞ்சம் குனிந்து படித்தார்.

"வா, தாராளமா வா. ஆனா அப்பவாவது ஜெயிச்சவங்க பேரு ஒண்ணப் போட்டுக்கிட்டு வாம்மா. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்."

மிளகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்தச் சட்டை அதுக்குள்ள எனக்குப் பத்தாமப் போயிடும் சார். பெரிய சட்டையில இதே பேர அம்மா ஒட்டித் தருவாங்க."

சொல்லும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவளுக்கு, இன்றைக்கு என்னிடம் கேட்கவே தோன்றவில்லை.

அவர்தான் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா சார்" என்றேன். "நான்தான் ஒட்டுவேன்."